பழைய ஹார்டுவேர் ரெய்டு கார்டை லினக்ஸ்ல ஓட வைக்கிறது: பெர்க், மெகாரெய்டு, ஸ்மார்ட் அரே, 3வேர் எல்லாத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

சென்ட்ஓஎஸ் 7-ங்கிற லினக்ஸோட காலம் 2024 ஜூன் 30-ஓட முடிஞ்சதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. பழைய டெல் சர்வர்ல ராக்கி லினக்ஸோ ஆல்மாலினக்ஸோ போடலாம்னு உக்காந்தா இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லைங்குது, நேத்து வரைக்கும் ஓடிட்டிருந்த ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்துக் காட்டுற கார்டு) இன்னிக்கு செத்துப்போச்சா? இல்லைங்க, முக்காவாசி நேரம் கார்டு நல்லாத்தான் இருக்கும், லினக்ஸ் கெர்னல்லயும் அதுக்கு டிரைவர் இருக்கும், நடுவுல நிக்கிறது உங்க டிஸ்ட்ரோ, அதாவது நீங்க போடுற லினக்ஸ் வகை. ரெட் ஹேட் 2019 மே மாசம் ஆர்ஹெச்இஎல் 8-ங்கிற தங்களோட லினக்ஸை (ராக்கி, ஆல்மா ரெண்டுக்கும் இதுதான் மூலம்) விட்டப்போ பழைய ஸ்டோரேஜ் கார்டுகளோட பிசிஐ ஐடிகளை (கார்டை அடையாளம் காட்டுற நம்பர்களை) டிரைவர்ல இருந்து மொத்தமா எடுத்துட்டாங்க, சில டிரைவரை முழுசாவே தூக்கிட்டாங்க. கெர்னல் டாட் ஆர்க்ல இருக்கிற ஒரிஜினல் கெர்னல்ல அதே ஐடிகள் அப்படியே இருக்கு, டெபியன்லயும் இருக்கு. அதனால டிரைவர் டவுன்லோட் தேடி அலையறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுமையா கீழ இருக்கிறதை வரிசையாப் பாருங்க.

1. கார்டு பேரை மறங்க, உள்ள இருக்கிற சிப்பைப் பாருங்க

டெல், ஐபிஎம், ஃபுஜிட்சு, இன்டெல், லெனோவோ எல்லாரும் எல்எஸ்ஐங்கிற கம்பெனியோட சிப்பை வாங்கித்தான் தங்களோட ஸ்டிக்கரை ஒட்டி வித்தாங்க. ஸ்டிக்கர்ல என்ன இருக்குங்கிறது லினக்ஸுக்கு முக்கியமே இல்ல. ஒரு டெபியன் லைவ் யுஎஸ்பில பூட் பண்ணி டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ கமாண்டை "-என்என்கே" ஆப்ஷனோட ஓட்டுங்க. உதாரணத்துக்கு டெல்லோட பெர்க் ஹெச்700 இருந்தா இந்த மாதிரி ஒரு வரி வரும்: ரெய்டு பஸ் கன்ட்ரோலர் [0104], மெகாரெய்டு எஸ்ஏஎஸ் 2108, கடைசில [1000:0079]. அந்தக் கடைசி எட்டு இலக்கம்தான் கார்டோட உண்மையான அடையாளம். அதுக்குக் கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்: மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்"னு ஒரு வரி இருந்தா டிரைவர் கார்டைப் பிடிச்சிருச்சு. அந்த வரி டெபியன் லைவ்ல வருது, ராக்கில வரலைன்னா கேஸ் முடிஞ்சுது, பிரச்சனை டிஸ்ட்ரோலதான், ஸ்க்ரூடிரைவரை கீழ வைங்க.

அடிக்கடி கையில சிக்குறதுங்க:

- 1028:0015 – பெர்க் 5. டிரைவர் மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்.
- 1000:0060 – எஸ்ஏஎஸ்1078 சிப், பெர்க் 6/ஐ இந்த வகை. அதே டிரைவர்.
- 1000:0079 – எஸ்ஏஎஸ்2108, பெர்க் ஹெச்700. அதே டிரைவர்.
- 1000:0073 – எஸ்ஏஎஸ்2008 சிப்புல ரெய்டு ஃபர்ம்வேர், பெர்க் ஹெச்310, ஐபிஎம் எம்1015. அதே டிரைவர்.
- 1000:0072 – அதே 2008 சிப், ஆனா பெர்க் ஹெச்200, எல்எஸ்ஐ 9211-8ஐ. இதுக்கு டிரைவர் எம்பிடி3எஸ்ஏஎஸ். பழைய எம்பிடி2எஸ்ஏஎஸ் டிரைவரை 4.4 கெர்னல்லயே இதுக்குள்ள சேர்த்துட்டாங்க, டிமெசேஜ்ல (கெர்னல் லாக்ல) மட்டும் இன்னும் பழைய பேர்லயே லாக் வரும், குழம்ப வேணாம்.

மத்த கம்பெனிங்க: ஹெச்பி ஸ்மார்ட் அரேன்னா ஹெச்பிஎஸ்ஏ, அடாப்டெக்னா ஏஏசிரெய்டு, அரேக்கான்னா ஏஆர்சிஎம்எஸ்ஆர். 3வேர்ல 7000, 8000 சீரிஸுக்கு 3டபிள்யூ-எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ், 9500-ல இருந்து 9690 வரைக்கும் 3டபிள்யூ-9எக்ஸ்எக்ஸ்எக்ஸ், 9750-க்கு 3டபிள்யூ-எஸ்ஏஎஸ். இந்தக் கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் ஃபைல் எதுவும் லினக்ஸ் பக்கம் தனியா போட வேண்டாம், அது கார்டு மேலயே ஃபிளாஷ்ல இருக்கு.

ஒரு எச்சரிக்கை: சிலிக்கான் இமேஜ் 3112, 3114, மதர்போர்டோட வர்ற இன்டெல் ரெய்டு, டெல் எஸ்100, எஸ்300 இதெல்லாம் ஹார்டுவேர் ரெய்டே கிடையாது, விண்டோஸ் டிரைவர்தான் அங்க ரெய்டு வேலையப் பண்ணுது. அந்த மாதிரி கார்டு கையில இருந்தா இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்ல, லினக்ஸோட சாஃப்ட்வேர் ரெய்டு டூலான எம்டிஅட்மின் போட்டுக்கிட்டுப் போய்ட்டே இருங்க.

2. சொருகுறதுக்கு முன்னாடி: ஸ்லாட், கேபிள், சூடு

பெர்க் கார்டுல "மினி மோனோ"ன்னு ஒரு வகை இருக்கு, அது சாதா பிசிஐஇ ஸ்லாட்ல போகவே போகாது, விலை கம்மியா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. மத்ததெல்லாம் எக்ஸ்8 கார்டு, எக்ஸ்16 ஸ்லாட்ல தாராளமா உக்காரும்.

கேபிள்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பெர்க் 5/ஐ, 6/ஐ-ல இருக்கிறது எஸ்எஃப்எஃப்-8484 சாக்கெட், ஹெச்700, ஹெச்310, 9211 எல்லாம் எஸ்எஃப்எஃப்-8087. ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. 8087-ல இருந்து நாலு சாட்டாவா பிரியுற கேபிள்லயும் ரெண்டு வகை, ஃபார்வர்ட், ரிவர்ஸ். கார்டுல இருந்து டிஸ்க்குக்குப் போறது ஃபார்வர்ட். மதர்போர்டு சாட்டா போர்ட்ல இருந்து பேக்பிளேனுக்குப் போறது ரிவர்ஸ். பார்க்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, உள்ள ஒயரிங் வேற, மாத்திப் போட்டா ஒரு டிஸ்க் கூட தெரியாது, எந்த எர்ரரும் வராது, நீங்க டிரைவரைத் திட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

டெஸ்க்டாப் போர்டுல பெர்க் 5, 6, ஹெச்310 சொருகினதும் மானிட்டர்ல ஒண்ணுமே வரலை, பயாஸ் பீப் அடிக்குது இல்ல அப்படியே நிக்குதுன்னா ஒரு பழைய வைத்தியம் இருக்கு. கார்டோட தங்கக் கால்கள்ல பி5, பி6 ரெண்டையும் காப்டான் டேப் ஒட்டி மறைச்சுடுங்க. அந்த ரெண்டும் எஸ்எம்பஸ் லைன், சில போர்டுங்களோட அது ஒத்துப்போகாம மொத்த பூட்டையும் நிறுத்திடும். டேட்டா போறது வர்றது எதுக்கும் அந்தக் கால் தேவையில்ல. டேப்பை மெல்லிசா, பக்கத்துக் காலை மூடாம வெட்டணும், அவ்வளவுதான் கஷ்டம்.

அப்புறம் சூடு. இந்தக் கார்டெல்லாம் ரேக் சர்வர்ல முன்னாடி இருந்து பின்னாடி புயல் மாதிரி காத்து அடிக்கிற இடத்துக்கு டிசைன் பண்ணது. டவர் கேபினெட்ல போட்டா ஹீட்சிங்க்ல கை வைக்க முடியாது, காப்பி பண்ண ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல டிஸ்க் ஒண்ணொண்ணா காணாம போகும். ஹீட்சிங்க் மேல ஒரு 40 எம்எம் ஃபேனை ஜிப் டை போட்டாவது கட்டுங்க. பழைய தெர்மல் பேஸ்ட் காஞ்சு கல்லாயிருக்கும், அதையும் மாத்திட்டா நல்லது.

3. பூட் ராம், யுஇஎஃப்ஐ தொல்லை

பழைய கார்டுகள்ல இருக்கிறது லெகசி ஆப்ஷன் ராம், அதாவது பழைய பயாஸுக்காக கார்டுலயே இருக்கிற பூட் புரோகிராம். மதர்போர்டுல சிஎஸ்எம் (யுஇஎஃப்ஐ-ல பழைய பயாஸ் மாதிரி நடிக்கிற மோடு) ஆன்ல இருந்தாத்தான் பூட் நேரத்துல அதோட மெனு வரும். டெல் பெர்க்னா கன்ட்ரோல்-ஆர், எல்எஸ்ஐ மெகாரெய்டுன்னா கன்ட்ரோல்-ஹெச், 9211 மாதிரி ஹெச்பிஏ-ன்னா (டிஸ்க்கை நேரா இணைக்கிற கார்டு) கன்ட்ரோல்-சி, ஹெச்பின்னா எஃப்8, அடாப்டெக்னா கன்ட்ரோல்-ஏ, 3வேர்னா ஆல்ட்-3.

புது போர்டுல சிஎஸ்எம்மே இல்லையா? பயப்பட வேண்டாம். அந்த மெனு வரலைன்னா அந்தக் கார்டுல இருந்து பூட் பண்ண முடியாது, அவ்வளவுதான். லினக்ஸ் டிரைவர் ஆப்ஷன் ராமை நம்பி இல்ல, அதுவாவே கார்டை எழுப்பிக்கும். ஓஎஸ்ஸை ஒரு சின்ன எஸ்எஸ்டில போட்டுட்டு ரெய்டு கார்டை டேட்டாவுக்கு மட்டும் வைங்க. என்னைக் கேட்டா சிஎஸ்எம் இருந்தாலும் இப்படித்தான் வைக்கணும், ஓஎஸ்ஸும் டேட்டாவும் ஒரே பழைய கார்டுல இருந்தா கார்டு மக்கர் பண்ற அன்னிக்கு பார்க்கிறதுக்கு ஒரு ஷெல் கூட இருக்காது.

அந்தக் கார்டுலயேதான் பூட் ஆகணும்னா, 2 டிபிக்கு மேல போற ஒரே வால்யூமா பண்ணாதீங்க. அதே டிஸ்க் குரூப்ல முதல்ல 100 ஜிபிக்கு ஒரு வர்ச்சுவல் டிஸ்க் (கார்டு லினக்ஸுக்குக் காட்டுற டிஸ்க்), மிச்சத்துக்கு இன்னொண்ணுன்னு பிரிச்சுட்டா எம்பிஆர் வம்பே இல்ல. ஜிபிடி போட்டு லெகசி பயாஸ்ல பூட் பண்றவங்க 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷனை மறக்காதீங்க, அது இல்லாம கிரப் உக்காராது.

இன்னொரு வரம்பு, எஸ்ஏஎஸ்1068, 1078 சிப் கார்டுகள், அதாவது பெர்க் 5, 6 காலத்து ஆட்கள், 2 டிபிக்கு மேல இருக்கிற டிஸ்க்கை முழுசாப் பார்க்காது. எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் மாறாது. 2008, 2108-ல இந்தப் பிரச்சனை இல்ல.

4. டிஸ்ட்ரோ பக்கம்

சுலபமான வழி டெபியன், உபுண்டு. மேல சொன்ன டிரைவரெல்லாம் கெர்னல் பேக்கேஜோடவே வரும், இன்ஸ்டாலர்லயே டிஸ்க் தெரியும், ஆபீஸ் கட்டாயம் எதுவும் இல்லைன்னா இதோட நிறுத்திக்கலாம்.

ரெட் ஹேட் குடும்பம்தான் வேணும்னா ரெண்டு வழி. முதல் வழி ஆல்மாலினக்ஸ். 2024 மே-ல வந்த 9.4-ல இருந்து ரெட் ஹேட் எடுத்த ஐடிகள்ல நிறைய அவங்க திரும்பச் சேர்த்துட்டாங்க, மெகாரெய்டு_எஸ்ஏஎஸ், எம்பிடி3எஸ்ஏஎஸ், ஹெச்பிஎஸ்ஏ, ஏஏசிரெய்டு எல்லாம் அந்த லிஸ்ட்ல உண்டு. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆல்மா லைவ்ல அதே எல்எஸ்பிசிஐ டெஸ்ட்டை ஓட்டி உங்க ஐடி பிடிபடுதான்னு பார்த்துக்கங்க.

ரெண்டாவது வழி இஎல்ரெப்போ, ரெட் ஹேட் குடும்பத்துக்குக் கூடுதல் டிரைவர் பேக்கேஜ் தர்ற தனித் தளம். ராக்கி, ஆர்ஹெச்இஎல் வச்சிருக்கிறவங்களுக்கும், 3வேர் கார்டு வச்சிருக்கிறவங்களுக்கும் இதுதான். அங்க டிரைவர் அப்டேட் டிஸ்க்னு ஐஎஸ்ஓ ஃபைல் வச்சிருக்காங்க. உங்க டிஸ்ட்ரோவோட சின்ன வெர்ஷன் நம்பருக்குச் சரியா பொருந்துறதை எடுக்கணும், 8.9-க்கு 8.6-ஓடதை எடுத்தா லோடு ஆகாம போகலாம். அதை ஒரு பென்டிரைவ்ல எழுதி, வால்யூம் லேபிளை ஓஇஎம்டிஆர்வின்னு வச்சுட்டா அனகொண்டா இன்ஸ்டாலர் அதுவாவே தேடி எடுத்துக்கும். இல்லைன்னா பூட் மெனுல "ஐஎன்எஸ்டி.டிடி" ஆப்ஷனைச் சேருங்க. இன்ஸ்டால் முடிஞ்சதும் இஎல்ரெப்போ ரெப்போவை எனேபிள் பண்ணி அந்த கேமாட் (டிரைவர்) பேக்கேஜ் உள்ள இருக்கான்னு பார்த்துடுங்க.

இதுல ரெண்டு பொறி இருக்கு. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா இஎல்ரெப்போ சாவியை முதல்ல இம்போர்ட் பண்ணணும், இல்லைன்னா மாட்யூலை கெர்னல் உள்ளயே விடாது. இன்னொண்ணு, 9.3-ல இருந்து 9.4 மாதிரி அடுத்த சின்ன வெர்ஷனுக்குப் போறப்போ புது கெர்னலுக்கு ஏத்த கேமாட் வந்துடுச்சான்னு பார்க்காம ரீபூட் அடிச்சீங்கன்னா பூட் பாதில நின்னு டிராகட் எமர்ஜென்சி ஷெல்லுல போய் நிப்பீங்க. பழைய கெர்னலை அழிக்காம வச்சிருந்தா கிரப்ல அதைத் தேர்ந்தெடுத்து தப்பிச்சுக்கலாம்.

டிரைவர் இருந்தும் ரீபூட்டுக்கு அப்புறம் ரூட் கிடைக்கலைன்னா மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ல (பூட் ஆரம்பத்துல லோடு ஆகிற சின்ன இமேஜ்ல) ஏறலைன்னு அர்த்தம். அந்த இமேஜைக் கட்டுற டிராகட் டூல் அந்த நேரம் மெஷின்ல இருக்கிற ஹார்டுவேருக்கு மட்டும்தான் இமேஜ் கட்டும், கார்டை பின்னாடி சொருகியிருந்தா அதுக்குத் தெரியாது. "--ஆட்-டிரைவர்ஸ் மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்" போட்டு "-எஃப்" ஆப்ஷனோட டிராகட்டை ஒரு தடவை ஓட்டுங்க. டெபியன்ல இனிட்ராம்எஃப்எஸ் மாட்யூல் லிஸ்ட் ஃபைல்ல பேரை எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் "-யு" அடிச்சா போதும்.

பழைய ஹெச்பி ஆட்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. முன்னாடி சிசிஐஎஸ்எஸ் டிரைவர் இருந்தப்போ டிஸ்க் பேர் /டெவ்/சிசிஐஎஸ்எஸ்/சி0டி0ன்னு வரும். 4.14 கெர்னல்ல அந்த டிரைவரை எடுத்துட்டு பழைய கார்டையும் ஹெச்பிஎஸ்ஏ கிட்ட கொடுத்துட்டாங்க, இப்போ அது சாதா எஸ்டிஏ. எஃப்எஸ்டேப்ல பழைய பேர் இருந்தா அப்கிரேடுக்கு முன்னாடியே யுயுஐடிக்கு மாத்திடுங்க. 4.14-க்கு முந்தின கெர்னல்ல பி400 மாதிரி கார்டை ஹெச்பிஎஸ்ஏ தொடலைன்னா "ஹெச்பிஎஸ்ஏ_அலவ்_எனி=1" மாட்யூல் ஆப்ஷனைப் போட்டுப் பாருங்க.

5. டிரைவர் ஏறுது, ஆனா டிஸ்க் வரலை

டிமெசேஜை திறந்து மெகாரெய்டுன்னு தேடுங்க. "எஃப்டபிள்யூ நவ் இன் ரெடி ஸ்டேட்"னு இருந்தா கார்டு உயிரோட இருக்கு, வர்ச்சுவல் டிஸ்க் எதுவும் இன்னும் உருவாக்கலை, அதனாலதான் காலி. ஹெச்700-க்கு ஜேபிஓடி (ரெய்டு இல்லாம டிஸ்க்கை அப்படியே காட்டுறது) கிடையாது, சும்மா டிஸ்க்கை மாட்டினா லினக்ஸுக்கு ஒண்ணும் காட்டாது, ஒவ்வொண்ணையும் தனி ரெய்டு 0-வா உருவாக்கணும். இந்தக் கார்டு வந்த புதுசுல டெல் பேட்ஜ் இல்லாத டிஸ்க்கை பிளாக் பண்ணி வச்சிருந்தாங்க, ஜனங்க சத்தம் போட்டதும் ஃபர்ம்வேர் அப்டேட்ல எடுத்துட்டாங்க, அதனால ரொம்பப் பழைய ஃபர்ம்வேர் இருந்தா முதல் வேலையா அதை ஏத்துங்க.

"எஃப்டபிள்யூ இன் ஃபால்ட் ஸ்டேட்"னு வந்தா நிலைமை வேற. வேற ஸ்லாட், கேஷ் மெமரி ஸ்டிக்கைக் கழட்டி மாட்டுறது, பேட்டரியை உருவிட்டு பூட் பண்றது, இந்த வரிசைல பாருங்க. அதுக்கும் அசையலைன்னா கார்டு போச்சு.

"டிஎம்ஏஆர்... ஃபால்ட் அட்ரஸ்"னு வரிசையா கொட்டுச்சுன்னா அது ஐஓஎம்எம்யூ (கார்டு எந்த மெமரியைத் தொடலாம்னு காவல் காக்கிற அமைப்பு) சண்டை. இந்தக் காலத்து கார்டுங்க பல அதோட ஒத்துப்போகாது. ப்ராக்ஸ்மாக்ஸ்ல (விஎம் ஓட்டுற டிஸ்ட்ரோ) 5.15 கெர்னல்ல இருந்து இன்டெல் ஐஓஎம்எம்யூ தானாவே ஆன்ல வர ஆரம்பிச்சதும் நேத்து வரைக்கும் ஓடின சர்வர் அப்கிரேடுக்கு அப்புறம் பூட் ஆகாம நின்னதுக்கு இதுதான் காரணம். கெர்னல் லைன்ல "இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆஃப்" போடுங்க. விஎம்முக்கு பாஸ்த்ரூ வேணும்னா ஆஃப் பண்ண முடியாது, அதுக்குப் பதிலா "ஐஓஎம்எம்யூ=பிடி" வேலை செய்யுதான்னு பாருங்க.

6. மேனேஜ்மென்ட் டூல்

எல்எஸ்ஐ குடும்பத்துக்கு மெகாசிஎல்ஐ, புதுசுக்கு ஸ்டோர்சிஎல்ஐ. 1078 காலத்து கார்டுக்கு மெகாசிஎல்ஐதான். அது /ஆப்ட்/மெகாரெய்டு/ ஃபோல்டருக்குள்ள போய் உக்காரும், பாத்ல இருக்காது, கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வந்தா அங்க போய்ப் பாருங்க. புது டிஸ்ட்ரோல என்கர்சஸ் 5 லைப்ரரி இல்லைன்னு அழும், அந்தப் பழைய பேக்கேஜைத் தேடிப் போடணும். ஹெச்பிக்கு ஹெச்பிஏசியுசிஎல்ஐ, அப்புறம் ஹெச்பிஎஸ்எஸ்ஏசிஎல்ஐ, இப்போ எஸ்எஸ்ஏசிஎல்ஐன்னு மூணு பேர்ல ஒரே டூல். புதுசுல கார்டு தெரியலைன்னா பழசை எடுங்க, பழசு கெர்னல் நம்பர் 3-ல ஆரம்பிச்சாலே மிரண்டு "கன்ட்ரோலர் இல்ல"ங்கும், அதை "செட்ஆர்ச்" கமாண்டோட "--யுனேம்-2.6" போட்டு ஓட்டினா ஏமாந்துடும். எஸ்ஜி மாட்யூலையும் மோட்ப்ரோப் பண்ணிக்கங்க. 3வேருக்கு டிடபிள்யூ_சிஎல்ஐ, அது எந்தத் தொல்லையும் இல்லாம ஓடும், இந்தக் கூட்டத்துலயே நல்ல பிள்ளை அதுதான்.

மெகாசிஎல்ஐல முதல்ல பார்க்க வேண்டியது "-பிடிலிஸ்ட் -ஏஆல்". ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மீடியா எர்ரர் கவுன்ட், பிரெடிக்டிவ் ஃபெயிலியர் கவுன்ட், ஃபாரின் ஸ்டேட் மூணையும் படிங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கார்டுல இல்ல வேற சர்வர்ல இருந்து எடுத்த டிஸ்க்குல "ஃபாரின்"னு வரும், அதாவது இந்தக் கார்டு அந்த ரெய்டை உருவாக்கலை. "-சிஎஃப்ஜிஃபாரின் -ஸ்கேன்" அடிச்சு என்ன இருக்குன்னு பாருங்க, டேட்டா வேணும்னா "-இம்போர்ட்". அதே இடத்துல "-கிளியர்"னும் ஒண்ணு இருக்கு, அது ரெய்டு கான்ஃபிக்கை அழிச்சுடும், ரெண்டும் ஒரே கமாண்டோட கடைசி வார்த்தைதான், அதனால என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க.

7. பேட்டரியும் கேஷும்

பழைய கார்டோட பேட்டரி கிட்டத்தட்ட எல்லாமே செத்திருக்கும், சிலது உப்பியிருக்கும், உப்பினதை உடனே கழட்டி ஓரமா வைங்க, குத்திப் பார்க்க வேணாம். பேட்டரி இல்லைன்னா கார்டு தானாவே ரைட்-த்ரூ மோடுக்கு (டிஸ்க்ல எழுதின பிறகுதான் முடிஞ்சதுன்னு சொல்றது) போயிடும், ரெய்டு 5-ல ரைட் வேகம் பாதாளத்துக்கு இறங்கும். அதுக்காக பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கை (கேஷ்ல வந்ததுமே முடிஞ்சதுன்னு சொல்ற மோடை) ஃபோர்ஸ் பண்ணுங்கன்னு பல பேர் சொல்லுவாங்க. கரண்ட் போனா கேஷ்ல இருந்ததெல்லாம் காலி, ஃபைல் சிஸ்டத்துக்கு "எழுதியாச்சு"ன்னு பொய் சொல்லியிருக்கும், யுபிஎஸ் இருந்தாலும் பவர் சப்ளை போகாதுன்னு யாரு உத்தரவாதம் தர்றது? ஒண்ணு புது பேட்டரி போடுங்க, இல்ல மெதுவா ஓடட்டும்னு விடுங்க. பேட்டரி நல்லா இருந்தும் திடீர்னு ஒருநாள் வேகம் விழுந்தா டெல் கார்டுகள்ல 90 நாளுக்கு ஒரு தடவை ஓடுற லேர்ன் சைக்கிளா (பேட்டரியை கார்டே சோதிக்கிறது) இருக்கும், தானா சரியாயிடும். ஹெச்பி பி410-ல கேஷ் மாட்யூல் இல்லைன்னா ரெய்டு 5 மெனுலயே வராது.

8. ரெய்டே வேண்டாம், டிஸ்க்கை மட்டும் காட்டுன்னு சொல்றவங்களுக்கு

இசட்எஃப்எஸ், எம்டிஅட்மின் போடப் போறீங்கன்னா 2008 சிப் கார்டுதான் தங்கம். ஹெச்200, ஹெச்310, எம்1015 மூணையும் ஐடி மோட் ஃபர்ம்வேருக்கு (ரெய்டு இல்லாம டிஸ்க்கை நேராக் காட்டுறது) மாத்தலாம், எஸ்ஏஎஸ்2ஃபிளாஷ் டூல்ல, வெர்ஷன் 20.00.07.00. அதே 20 சீரிஸ்ல முன்னாடி வந்தது சிலதுல பக் இருக்கு, 07 தான் வேணும். கார்டு ஸ்டிக்கர்ல இருக்கிற எஸ்ஏஎஸ் அட்ரஸை முதல்லயே ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, ஃபிளாஷை அழிச்ச பிறகு புதுசு எழுதற வரைக்கும் ரீபூட் பண்ணவே கூடாது. ஹெச்310-க்கும் எம்1015-க்கும் மெகாரெக் டூல் வச்சு எஸ்பிஆரை (கார்டோட அடையாளம் இருக்கிற சின்ன மெமரியை) முதல்ல காலி பண்ணணும். ஹெச்700 வச்சு இந்த வேலையெல்லாம் ஆரம்பிக்காதீங்க, ஒத்தை ஒத்தை ரெய்டு 0 போட்டு அதுக்கு மேல இசட்எஃப்எஸ்ஸும் வேணாம், ஒரு 9211 வாங்கிடுங்க.

9. கண்காணிப்பு

ரெய்டு கார்டுக்குப் பின்னாடி இருக்கிற டிஸ்க்கோட ஸ்மார்ட் தகவல் (டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குங்கிற கணக்கு) நேரா வராது, ஸ்மார்ட்சிடிஎல்-க்கு "-டி" ஆப்ஷன்ல வழி சொல்லணும். எல்எஸ்ஐன்னா "மெகாரெய்டு,8" மாதிரி, அந்த 8 ஸ்லாட் நம்பர் இல்ல, பிடிலிஸ்ட்ல வர்ற டிவைஸ் ஐடி. ஹெச்பிக்கு "சிசிஐஎஸ்எஸ்,0", டிரைவர் பேர் மாறினாலும் இங்க பழைய பேர்தான். 3வேர் 9500-ல இருந்து 9690 வரைக்கும் "3வேர்,0" கூட டிவைஸா /டெவ்/டிடபிள்யூஏ0. இதையே ஸ்மார்ட்டிங்கிற கண்காணிப்பு சர்வீஸோட கான்ஃபிக்ல டிஸ்க்குக்கு ஒரு வரியா எழுதிடுங்க. அதோட மெகாசிஎல்ஐ "-எல்டிஇன்ஃபோ -எல்ஆல் -ஏஆல்" அவுட்புட்ல ஸ்டேட் "ஆப்டிமல்" இல்லைன்னா மெயில் அனுப்புற மாதிரி ஒரு கிரான் ஸ்கிரிப்ட் போடுங்க, ஒரு டிஸ்க் போய் டிகிரேடட்ல மாசக்கணக்கா ஓடுறது யாருக்கும் தெரியாம, ரெண்டாவது போறப்போதான் தெரியுறது இந்த மெஷின்கள்ல சகஜம்.

கார்டு ராத்திரில "பீ பீ"ன்னு கத்த ஆரம்பிச்சா மெகாசிஎல்ஐல "-ஏடிபிசெட்ப்ராப் அலார்ம்சைலன்ஸ் -ஏஆல்" அந்தத் தடவைக்கு மட்டும் வாயை மூடும். நிரந்தரமா அணைக்கிற "அலார்ம்டிஎஸ்பிஎல்" பக்கம் மட்டும் போயிடாதீங்க, அடுத்த டிஸ்க் போறப்போ அந்தச் சத்தம் வேணும்.